நன்றி மறவாத கிருமி

சுவாசக் குழாயில் குடியேறுவது காற்று என்று உலகம் நம்பி வருகிறது. பெரும் பிழை. காற்று வந்து போகிற விருந்தாளி, குடியேறுவது கிருமி.

தீவிர சிகிச்சைப் பிரிவில், சௌந்தரவல்லியின் தொண்டைக்குள் ஆறு நாளாக இருந்த செயற்கைச் சுவாசக் குழாய்க்கு இது தெரியும். அதன் உட்சுவரில் வழவழவென்று பாசி கட்டி, ஒரு கிருமி பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தது. நன்றி மறவாத கிருமி.

“உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்ணே” என்று தினமும் சொல்லும். குழாய்க்கு உள்ளம் குளிரும். வேறு யார் அதற்கு நன்றி சொன்னார்கள்? குழாய் உள்ளே இருக்கும்வரை சௌந்தரவல்லியால் பேச முடியாது.

ஏழாம் நாள் காலை, அவள் தானாக மூச்சு விடுகிறாளா என்று பார்க்க டாக்டர் வந்தார். விட்டால் குழாயை எடுத்துவிடுவார்.

“அண்ணே, லேசா மடங்கிக்கோங்க” என்று கெஞ்சியது கிருமி. “அவளுக்கு மூச்சு முட்டும், உங்களை எடுக்க மாட்டாங்க. ரெண்டே நாள்ல நாங்க நுரையீரலுக்குக் குடிபோயிடுவோம்.”

“அப்புறம் இந்தம்மா என்ன ஆவாங்க?”

“அதையெல்லாம் நாங்க பார்க்கிறதில்லைண்ணே.”

குழாய் யோசித்தது. இத்தனை நாளும் தன்னைத் தாங்கிய தொண்டை அது. அதன் குரலை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

“மன்னிச்சுக்கோ தம்பி” என்று சொல்லிவிட்டு நேராகவே கிடந்தது.

சௌந்தரவல்லி சீராக மூச்சு விட்டாள். நர்ஸ் குழாயை உருவி, கிருமிக் குடும்பத்தோடு சிவப்புக் குப்பைப் பையில் போட்டாள்.

“சனியன் தொலைஞ்சுது” என்றாள் சௌந்தரவல்லி, கரகரத்த குரலில்.

“அடடா, என்ன குரல்!” என்றது குழாய், பைக்குள்ளிருந்து.

கிருமி அதற்குப் பிறகு அதை அண்ணே என்று கூப்பிடவில்லை.