மூன்று வார ஓய்வு

"என் தலையெழுத்தைப் பாத்தியா கோகிலா? அறுபத்தெட்டு வயசுல பன்னிரண்டு பேருக்கு நான் மாவு தேய்ச்சு ரோட்லி சுட்டுப் போடறேன். மருமக மகாராணியாட்டம் படுத்திருக்கா!"

ஊஞ்சலில் உட்கார்ந்து தாராபென் புலம்பியது உள்ளறையில் படுத்திருந்த பன்னாவுக்கு நன்றாகவே கேட்டது. கேட்க வேண்டுமென்றுதானே அந்தச் சத்தம்!

நடியாத் ஊரில் ஒருத்தருக்குச் சிறுநீரகக் கல் எடுத்தால் போதும், தெருவே நலம் விசாரிக்க வந்துவிடும். வருகிற அத்தனை பேரும் பாதி டாக்டர்.

"லேசர்ல எடுத்திருக்கலாமே?" பக்கத்து வீட்டுக் கோகிலாபென் டீயை உறிஞ்சினாள். "மூத்திரம் போற வழியாவே குழாயை விட்டுப் பொடிச்சுடறாங்க. வெட்டும் இல்லை, தையலும் இல்லை. என் நாத்தனார் மூணாம் நாளே மாவு பிசைஞ்சா."

"இவளுக்குப் பெரிய கல்லாம். முதுகுல துளை போட்டு எடுத்தாங்களாம். மூணு வாரம் தண்ணிக் குடம்கூடத் தூக்கக் கூடாதாம்!"

பன்னா கதைப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். துளையாவது, மண்ணாவது! அவளுக்கும் லேசர்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அடுப்படியே கதியென்று கிடப்பவள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று கணவன் தீபேஷ் அவிழ்த்துவிட்ட பொய் அது. எட்டு நாளாகத் தூக்கம், கதைப் புத்தகம், சொர்க்கம்! அத்தைக்குத் தெரிந்தால் வீடு ரெண்டுபடும்.

கோகிலாபென் நேரே உள்ளே வந்துவிட்டாள்.

"எங்கே, திரும்பு பாக்கலாம். எனக்கும் முதுகுலதான் போட்டாங்க. தழும்பு ஒரே மாதிரி இருக்கான்னு பாப்போம்."

பன்னா போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போச்சு, மானம் போச்சு!

"அட, சும்மா இருடி!" பின்னாலேயே வந்த தாராபென் அதட்டினாள். "இப்பத்தான் கட்டு மாத்தினேன். நீ கையை வெச்சு சீழ் பிடிச்சா யாரு ஆஸ்பத்திரிக்கு அலையறது? வா, வந்து தேப்லா சாப்பிடு."

பன்னா திகைத்துப் போனாள். எந்தக் கட்டு? எப்போது மாற்றினாள்?

கோகிலாபென்னை அனுப்பிவிட்டு வந்த தாராபென் கதவைச் சாத்தினாள். முந்தானையில் சுருட்டி வைத்திருந்த பஞ்சையும் பிளாஸ்திரியையும் எடுத்தாள்.

"அத்தை... அது வந்து..."

"டிஸ்சார்ஜ் காகிதத்தை முதல் நாளே படிச்சுட்டேன். எனக்கு அந்தக் காலத்துல விலாவைக் கிழிச்சு எடுத்தாங்க. பத்தாம் நாளே என் மாமியார் அடுப்படிக்கு அனுப்பிட்டா. நின்னுக்கிட்டே அழுதிருக்கேன். உன் புருஷனுக்குப் பொய்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலை. முதுகைக் காட்டு."

பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினாள்.

"இன்னும் பதிமூணு நாள் இருக்கு. நான் திட்டறதை நிறுத்தினா ஊருக்குச் சந்தேகம் வந்துடும். நீ காதுல போட்டுக்காம தூங்கு."