பச்சைப் புள்ளி

"இது இன்னைக்கோட நின்னு போயிருமா கண்ணு?"

நிர்மலா இப்படிக் கேட்டபோது, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையிலிருந்து வந்த பூங்குழலி இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எதுங்க்கா?"

"இந்த ஆன்ட்டி வைரஸ். காலையில இருந்து கத்திட்டே இருக்குது. கார்டு நம்பர் கேக்குது. எனக்குப் போடத் தெரியல. அதான் கடைக்குப் போன் பண்ணுனேன்."

திரையில் ஒரு கேடயப் படம். அதன் கீழே சிவப்புக் கட்டம் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. உங்கள் பாதுகாப்பு இன்றுடன் முடிகிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் மிரட்டியது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்கள் அடுத்தடுத்து இருந்த தெரு அது. மெஷின்களின் இரைச்சல் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குள் வேறு சத்தமே இல்லை. மற்ற வீடுகளில் கம்ப்யூட்டர் மேசை சுவரோரம் இருக்கும். இங்கே ஹாலின் நடுவில், சமையல்கட்டைப் பார்த்தபடி நின்றது. தரையில் ஓடிய வயரில் பூங்குழலிக்குக் கால் தடுக்கியது.

"பாத்து கண்ணு."

நிர்மலா கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டியிருந்தாள். தலையில் மல்லிகை.

"எங்கயாச்சும் கெளம்பிட்டு இருந்தீங்களாக்கா?"

"நான் எங்க போறேன்? ஊட்லதான்."

பூங்குழலி இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, கட்டத்தை மூடப் பார்த்தாள். மூடவில்லை. எதையும் சோதிக்காமலே, புதிதாக வைரஸ்கள் வந்துவிட்டதாக அலறியது.

"இது போலிங்க்கா. எங்கயும் கார்டு நம்பர் போட்டுராதீங்க. நெசமான ஆன்ட்டி வைரஸ் இருக்கற எடமே தெரியாது. ஒரு மூலையில கம்முனு அதும்பாட்டுக்கு வேலை பாக்கும்."

"கம்முனு இருந்தா, இருக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

பூங்குழலி சிரித்தாள். "அதுக்காக மாமியார் மாதிரி தெனமும் கத்தோணுமாங்க்கா?"

"மாமியார் இருந்தாலும் பேச்சுத்துணைக்கு ஆச்சே."

நிர்மலா சிரிக்கவில்லை. பூங்குழலி திரைப்பக்கம் திரும்பி, அந்த மென்பொருள் உள்ளே என்னதான் செய்கிறது என்று தேடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. திரையின் மேலே செருகியிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். அதில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. சட்டென்று கைக்குட்டையை எடுத்து அதன் மேல் போட்டாள்.

"அக்கா, பயப்படாதீங்க. இது கேமராவத் தெறந்து வெச்சிருக்குது. இந்த வழியா யாரோ உங்களப் பாத்துட்டு இருந்திருக்காங்க."

நிர்மலா பதறவில்லை. கைக்குட்டையை எடுத்து, நான்காக மடித்து, பூங்குழலியின் கையில் கொடுத்தாள்.

"யாரோ இல்ல கண்ணு. எங்க ஊட்டுக்காரருதான்."

"என்னங்க்கா சொல்றீங்க?"

"சித்திரையில எத்தியோப்பியாவுக்குப் போனாரு, பனியன் ஃபேக்டரிக்கு மேனேஜரா. அவரு சந்தேகப்படற ஆளு. போறப்பவே சொன்னாரு, நான் அங்க இருந்தாலும் உன்னையப் பாத்துட்டேதான் இருப்பேன்னு. ஒருநாள் பாத்தா இந்த வெளக்கு எரியுது. இந்தக் கேடயம் வந்தா வெளக்கும் வருது. அப்பவே புரிஞ்சுபோச்சு. கோவத்துல துண்டைப் போட்டு மூடிட்டேன்."

"அப்புறம்?"

"ஒருக்கா காய்ச்சல்ல படுத்த படுக்கையாக் கெடந்தேன். ஏன்னு கேக்க ஆளில்ல. எந்திரிச்சு வந்து துண்டை எடுத்துட்டேன். பாத்தாப் பாக்கட்டுமே. போன்ல கூப்பிட்டா, வேலையா இருக்கேன்னு வெச்சுப்போடறாரு. இதுலயாச்சும் பாக்கறாரு இல்ல? சமையல்கட்டுல நின்னாலும் தெரியட்டும்னுதான் மேசையத் திருப்பிப் போட்டேன்."

பூங்குழலி தன் லேப்டாப் கேமராவின் மேல் எப்போதும் டேப் ஒட்டி வைத்திருப்பாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்குப் பழக்கமானது. யாருமே பார்க்காமல் போய்விடுவார்களோ என்றும் ஒருத்தி பயப்படலாம் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அழிச்சுப்போடாத கண்ணு. எப்படியாச்சும் ஓட உடு."

பூங்குழலி கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தவற்றின் பட்டியலைத் திறந்தாள். கேடயத்துக்கு எதிரே இருந்த தேதியைப் பார்த்தாள். பட்டியலை மூடிவிட்டு நிர்மலாவின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு டீ கெடைக்குங்களாக்கா?"

நிர்மலா ஆசையாகச் சமையல்கட்டுக்குப் போனாள். அடுப்பின் முன்னால் நின்று, ஒருமுறை திரும்பி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அந்த நேரத்தில் பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. டீயோடு வந்தபோது அது மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது. சிவப்புக் கட்டம் போயிருந்தது.

"சரி பண்ணிட்டேனுங்க்கா. காசு கேக்காது. இனிமே கத்தாது."

"வெளக்கு?"

"கம்ப்யூட்டரப் போட்டா வெளக்கும் எரியுமுங்க."

நிர்மலா சேலைத் தலைப்பால் கேமராவின் கண்ணாடியைத் துடைத்தாள். "முன்ன மாதிரியே நான் தெரிவனா?"

"முன்னயவிடத் தெளிவாங்க்கா."

வாசலில் வண்டியை எடுக்கும்போது பூங்குழலி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கேடயம் கணவர் வைத்துவிட்டுப் போனது அல்ல; அவர் ஊருக்குப் போய் மாதக்கணக்கான பின், நிர்மலா இலவசமாக டவுன்லோட் செய்த ஜாக்கெட் டிசைனோடு ஒட்டிக்கொண்டு புரட்டாசியில் வந்தது. அதை அடியோடு அழித்துவிட்டு, யாருக்கும் எந்தப் படமும் போகாமல் பச்சைப் புள்ளியை மட்டும் எரியவைக்கிற இன்னொரு போலியை, பூங்குழலி தன் கையாலேயே அங்கே வைத்துவிட்டு வந்திருந்தாள்.