நானே சுட்டது

குற்றச்சாட்டு ஒரே வரிதான். முதலிடம் பெற்ற பாட்டின் தாளம் சொந்தச் சரக்கு இல்லை.

மின்னிசைப் போட்டியின் விதி கறாரானது. லூப் கூடாது. லூப் என்றால் யாரோ தயாரித்து விற்கும் நாலு விநாடித் தாளத் துண்டு. கணினியில் இழுத்துப் போட்டால் பாட்டு முடியும்வரை தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதல் பரிசு, இசை நிறுவனத்தில் ஒரு வருட வேலையும் தனி ஸ்டூடியோவும். அவனுக்கு வயது இருபத்தாறு. இதுவரை அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் அவனுடைய ஸ்டூடியோ. யாராவது படி ஏறினால் ஒலிப்பதிவை நிறுத்த வேண்டும்.

நிறுவனத்தின் மூன்றாவது மாடிக்கு விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நடுவர் குழுவின் தலைவி. முப்பது வருடமாகப் படங்களுக்குப் பின்னணி இசை அமைப்பவர். அவர் பக்கத்தில் வழுக்கைத் தலை நடுவர். இந்தப் பக்கம் அவனும், துணைக்கு வந்த அக்கா புருஷனும்.

“சந்தேகம் எனக்குத்தான்,” என்றார் தலைவி. “பாட்டுல வர்ற அந்த டிக் டிக்கை நான் முன்னாடியே கேட்டிருக்கேன். எங்கேன்னுதான் பிடிபட மாட்டேங்குது.”

“கேட்டிருக்க முடியாது மேடம். உலகத்துல வேற யார்கிட்டயும் அந்தச் சத்தம் கிடையாது.”

“சுட்டவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க,” என்று சிரித்தார் வழுக்கை. “தம்பி, நான் லூப்புக்கு விரோதி இல்லை. செங்கல்லைக் கடையில வாங்கிக் கட்டினா வீடு நம்ம வீடு இல்லைன்னு ஆயிடுமா? நானே மூணு ஆல்பத்தை லூப் போட்டு ஒப்பேத்தினவன். இப்பவே ஒத்துக்கிட்டா உனக்கு ரெண்டாம் பரிசு. மறைச்சு மாட்டிக்கிட்டா ஒண்ணும் கிடையாது.”

“நான் செங்கல்லையும் நானே சுட்டேன் சார்.”

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அத்தானுக்குப் புரையேறியது.

“மாப்ளே,” என்று காதருகே குனிந்தார். “லூப்புன்னு சொல்லித் தொலை. ரெண்டாம் பரிசு போதும். வீட்டுக்குப் போலாம்.”

“செய்யாததை எப்படி அத்தான் ஒத்துக்கறது?”

“உனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்டா.”

அவன் அசையவில்லை. லூப் போடுகிறவர்களை மூன்று வருடமாக ‘வெட்டி ஒட்டும் தையற்காரர்கள்’ என்று இணையத்தில் ஏசி வந்தவன் அவன். தையற்காரர்கள் மூன்று பேர் கோபித்துக்கொண்டு பதிலும் எழுதியிருந்தார்கள்.

அத்தான் எழுந்தார். கை கூப்பினார்.

“லூப்புதாங்க. என் கார்டுலதான் வாங்கினான். சின்னப் பையன், பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க.”

“எந்த சைட்டுல வாங்கினார்?” என்றார் தலைவி.

அத்தான் விழித்தார். இசையில் அவருக்குத் தெரிந்தது சத்தத்தைக் குறைக்கும் பொத்தான் ஒன்றுதான்.

“அது… ஏதோ ஒரு நல்ல சைட்டுங்க.”

அவன் முகம் சுண்டிவிட்டது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தான்.

“இதுதான் மேடம் மூலப் பதிவு. பதினோரு நிமிஷம். கான்டாக்ட் மைக்கை இரும்புல ஒட்டவச்சு எடுத்தேன். காத்துல வர்ற சத்தத்தை அது வாங்காது. இரும்புக்குள்ள ஓடறதை மட்டும்தான் வாங்கும்.”

“எந்த இரும்பு?”

“ஒரு… பழைய பீரோ.”

“யார் வீட்டு பீரோ?”

“தெரிஞ்சவங்க வீட்டுது.”

“அவங்ககிட்ட கேட்டா சொல்வாங்களா?”

அவன் குனிந்து லேப்டாப் வயரைச் சரிசெய்தான். வழுக்கை உதட்டைப் பிதுக்கினார். அத்தான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். மூன்று மாடி இறக்கம்.

“சரி, போடுங்க,” என்றார் தலைவி.

பாட்டுக்காகத் தாளத்தின்மேல் பூசியிருந்த எதிரொலியும் அதிர்வும் இதில் இல்லை. வெறும் சத்தம். ஆறு டிக் சீராக வந்தது. ஏழாவது கொஞ்சம் நொண்டியது. ஓர் இடைவெளி. மறுபடி ஆறு, மறுபடி ஒரு நொண்டல்.

“லூப்பா இருந்தா ஒவ்வொரு சுத்தும் அச்சடிச்ச மாதிரி இருக்கும். இதுல பாருங்க, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கிடையாது. மெஷின் பண்ற வேலையா இது? அத்தனையும் கை.”

பதினோராவது நிமிடத்தில் கனமாக ஒரு ‘டொக்’. பதிவு அதோடு முடிந்தது.

“அடடா, என்ன ஃபினிஷிங்!” என்றார் வழுக்கை.

“இன்னொரு தடவை,” என்றார் தலைவி.

இந்த முறை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். அவருடைய வலது கை விரல்கள் மேஜைமேல் தாளத்தோடு லேசாகத் திரும்பின.

“எப்போ எடுத்தது?”

“மார்ச் ஒன்பது. மத்தியானம் ரெண்டே கால். ஃபைல்லயே இருக்கு பாருங்க.” திரையை அவர் பக்கம் பெருமையாகத் திருப்பிவைத்தான்.

தலைவி பார்த்தார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“மன்னிச்சுக்கங்க தம்பி, என் சந்தேகம்தான் தப்பு. இது லூப் இல்லை. முழுக்க முழுக்க உங்க கை வேலை. முதல் பரிசு உங்களுக்குத்தான்.”

அவன் கண் கலங்கிவிட்டது. வழுக்கை எழுந்து கை குலுக்கினார். அத்தான் அதற்குள் கதவுப் பிடியில் கை வைத்திருந்தார்.

“நீங்களும் உக்காருங்க,” என்று அவரிடம் சொல்லிவிட்டு, தலைவி போனை எடுத்தார்.

“இன்ஸ்பெக்டர் சார், மார்ச் ஒன்பது நாங்க ஊர்ல இல்லாதப்போ எங்க பெட்ரூம் இரும்புப் பெட்டியை நம்பர் டயலைத் திருப்பியே கீறல் படாம திறந்தது யாருன்னு தேடிக்கிட்டிருந்தீங்களே, ஆள் இங்கேதான் இருக்கார், வேற யாரும் இல்லை, நான்தான் செஞ்சேன்னு அரை மணி நேரமா அடிச்சுச் சொல்லிக்கிட்டிருக்கார்.”