குடித்தது மருந்துதான்

“சத்தியமா நான் குடிக்கலை, சார். மருந்துதான் குடிச்சுது. ஊத்திக் கொடுத்தது மட்டும்தான் நான்!”

பெண் கேட்டு வந்தவன் அந்த வீட்டு வாசலில் நின்று சொன்ன முதல் வாக்கியம் இது. கூடத்துச் சுவரில் இருந்த கடிகாரம்கூட ஒரு கணம் நின்று, யோசித்துவிட்டுத்தான் மறுபடி ஓடியது.

இளையவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். ‘தங்கமான பையன், எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது’ என்று அப்பாவின் காதில் மாதக்கணக்காக ஓதி, இன்றைக்குத்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தாள். அந்தத் தங்கம் வாசலில் ஷூவைக் கழற்றியதும் கிளம்பிய சாராய நெடியில், ஜன்னலோரப் பூச்செடியே லேசாகத் தள்ளாடியது.

அப்பா ஓய்வுபெற்ற சிறை அதிகாரி. ‘நான் ஒரு பாவமும் அறியாதவன்’ என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். கூடத்தின் கடைக்கோடியில், பால்கனிக் கதவோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு ஜக் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்.

“ஓஹோ. மருந்து குடிச்சுதா? தொட்டுக்க என்ன கேட்டுது?” என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் நடித்துச் சமாளித்தாள்.

நிறைமாதக் கர்ப்பிணியான அக்கா டீத் தட்டோடு அப்பாவை நோக்கி நடந்தாள். “கிட்ட வராதே! அங்கேயே வை, நான் எடுத்துக்கறேன்!” என்று அவர் போட்ட சத்தத்தில் கோப்பைகள் தட்டிலேயே குதித்தன. அக்கா என்றால் உருகிப்போகிற மனுஷன். கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது, கல்யாணம் போயே போச்சு என்று இளையவள் முடிவுகட்டினாள்.

“கொஞ்சம் விளக்கமாத்தான் சொல்லேன்!” என்று அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

“நான் கதிரியக்க மருந்து செய்யற எடத்துல வேலை பார்க்கறேன், சார். ஸ்கேன் எடுக்கறதுக்கு முன்னாடி ஊசியில போடுவாங்களே, அது. இன்னைக்கு ஏகப்பட்ட ஆர்டர். அதனால காலையில செஞ்சது ரொம்பக் காட்டமா அமைஞ்சுபோச்சு.”

“காட்டமா இருந்தா நல்லதுதானே?”

“அங்கதான் சார் வினையே. ஒரே புட்டியில அவ்வளவு நெருக்கமா அடைச்சா, அதோட கதிரே அதைப் போட்டு உடைச்சிடும். வெளியிலேர்ந்து எதிரியே வர வேணாம்.”

“நம்ம கூட்டுக் குடும்பம் மாதிரி,” என்றாள் அம்மா.

“அதேதாம்மா! நடுவுல விலக்கிவிட ஒரு ஆள் வேணுமில்ல? துளியூண்டு ஆல்கஹால் கலந்துட்டா, விழற அடியையெல்லாம் அது வாங்கிக்கும். மருந்து கெடாம நிக்கும். முதல்ல செஞ்சதுல அது பத்தலை, சோதனையில தேறாம போச்சு. மறுபடி ஆரம்பத்துலேர்ந்து செஞ்சோம். அந்த அவசரத்துல ஆல்கஹால் புட்டி கை நழுவி, பாதி என் ஷூவுக்குள்ள போயிடுச்சு.”

“அதாவது, மருந்துக்குத் துளி. ஷூவுக்கு அரைப் புட்டி. உனக்கு?”

“எனக்கு டீ போதும், சார்.”

அக்கா களுக்கென்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

“தம்பி, தப்பிச்சுப் போய்ப் பிடிபட்ட கைதி ஒருத்தன், ‘நான் சும்மாதான் நின்னேன், சுவர்தான் சார் என்னைத் தாண்டிப் போச்சு’ன்னு எங்கிட்ட சொன்னான். அவன்கூட உன்னைவிட நம்பற மாதிரி சொன்னான்.”

அவர் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். “ஒண்ணுமே இல்லையா? நல்லாத் தேடிப் பார்த்தீங்களா?” என்று அவர் கேட்பது உள்ளே கேட்டது.

குடை விவகாரம் என்று இளையவளுக்குத் தெரியும். காலை நடைக்குப் போனவர் சாப்பாட்டு நேரமும் தாண்டி வந்து, குடையைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் தேடியதாகச் சொல்லியிருந்தார். குடையும் கிடைக்கவில்லை, அந்தக் கடுப்பும் இவன் தலையில்தான் விடியப்போகிறது.

அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். அவன் கடைசி முயற்சியாகக் கையைக் கூப்பாத குறையாகச் சொன்னான்.

“நம்பலைன்னா ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க, சார். மருந்து லேட்டானதுல அங்க ஒரே ரகளையாம். வெறும் வயித்தோட காத்துக்கிட்டிருந்த ஒரு பெரியவர், ‘எவன்டா அந்த மருந்து காய்ச்சறவன், கையில கிடைச்சா காலை ஒடிச்சு அடுப்புல வைக்கிறேன்’னு கத்தினாராம். நர்ஸம்மா போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க.”

“எந்த முசுடோ, தெரியலை!” என்றாள் அம்மா. “அந்த ஆளைக் கட்டிக்கிட்டவ எப்படித்தான் காலம் தள்ளறாளோ, பாவம்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். இளையவளின் கலங்கிய கண்களைப் பார்த்தார். வாசல்மிதியில் ஈரச் சாக்ஸோடு நெளிந்துகொண்டிருந்த கால்களைப் பார்த்தார். இன்னும் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

“நடந்ததுதான், மாப்ளே. குடையும் தொலையலை, அந்த ஊசி போட்டிருக்கறதாலதான் புள்ளத்தாச்சியைக் கிட்ட வரவேணாம்னேன். கத்தினவன் நான்தான்.”