கண் ஓட்டையில்லாத முகமூடி

மெக்சிகோ உழவர்கள் மழை வேண்டி ஆடும்போது போட்டுக்கொள்ளும் புலி முகமூடியைப் படத்தில் காட்டி, ஓவேலி எஸ்டேட் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தாள் சைனம்பு டீச்சர். பழைய பேப்பர், மைதாப் பசை, மஞ்சள் பெயின்ட். வகுப்பே பிசுபிசுத்தது.

மேனேஜர் வந்து ஒன்றைக் கையில் எடுத்தார். "கண்ணுக்கு ஓட்டையே இல்லையே. இதை மாட்டிக்கிட்டு எப்படிப் பார்ப்பாங்க?"

"பார்க்கறதுக்குச் செய்யலீங்க."

"புலி, சிறுத்தைன்னு பீதியைக் கிளப்பாதீங்க. நம்ம எஸ்டேட்ல சிறுத்தையே கிடையாது. கொழுந்து கிள்ளுற மூக்கம்மாவைக் கழுத்துல கடிச்சது நாய்னு ரிப்போர்ட் எழுதியாச்சு. இதை நிறுத்தலைன்னா உங்களுக்கு இங்க வேலை இல்லை."

"இன்னும் பதினாலு செய்யோணும். நிறுத்த முடியாதுங்க."

கையிலிருந்த முகமூடியோடு அவர் விறுவிறுவென்று போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை. குனிந்து கொழுந்து கிள்ளிய பெண்கள் அத்தனை பேரின் பின்னந்தலையிலும் ஒரு புலி முகம் விழித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து பாய வரும் மிருகம், எதிரே முகத்தைக் கண்டால் தயங்கும். டீச்சர் ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

பங்களாவிலிருந்து புதர் வழியே தனியாக நடந்து வந்த மேனேஜர், பெண்களுக்கு எதிரே நின்று கத்தினார். "எல்லாரும் கழட்டுங்க. இங்க சிறுத்தை இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

ஒரு கைகூடத் தலைக்குப் போகவில்லை.

"டீச்சர், ஆபீசுக்கு வாங்க" என்று விறைப்பாகத் திரும்பி நடந்தார்.

கழுத்தில் கட்டோடு நின்ற மூக்கம்மா கூப்பிட்டாள்.

"ஏனுங்க தொரை, உங்க தொப்பிக்குப் பின்னால கட்டியிருக்கிற புலி சாஞ்சு கிடக்குதுங்க. நேரா வெச்சுக்குங்க."