வரைந்தவர் பெயர்

"இது என் படம் சார். இதுல உங்க பேர் எப்படி வந்தது?"

பியூலா ப்ளூ பிரிண்டை மேஜைமேல் விரித்து, வலது கீழ் மூலையில் இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள். ‘வரைந்தவர்: டி. ஜெகநாதன்’ என்று இங்கிலீஷில், வெள்ளை எழுத்தில் இருந்தது.

தலைமை டிராஃப்ட்ஸ்மன் ஜெகநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க டிரேசர் அம்மா. டிரேசர் பேரை அந்தக் கட்டத்துல போடுற வழக்கம் இல்லை."

யுத்தம் வந்து ஆண்கள் பட்டாளத்துக்குப் போன பிறகுதான், செகந்தராபாத்தில் அந்த ரயில் ஒர்க்‌ஷாப்பின் டிராயிங் ஆபீசில் பெண்களை எடுத்தார்கள். அடுத்தவர் வரைந்த படத்தின்மேல் டிரேசிங் துணியைப் போட்டு மையில் நகல் எடுப்பதுதான் டிரேசர் வேலை. பியூலா சேர்ந்து ஒன்றரை வருஷம்.

"இது நகல் இல்லையே சார். நானே வரைஞ்சது."

அது ஒரு பிரேக் வால்வின் படம். முன்னால், மேலே, பக்கவாட்டில் என்று மூன்று படமாக இருந்ததைப் பார்த்து ஃபிட்டர்கள் குழம்பி, இரண்டு தடவை துளையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டார்கள். பியூலாதான் மூன்றையும் ஒன்றாக்கி ஐசோமெட்ரிக்கில் வரைந்தாள். ஒரு கோடு நிமிர்ந்து நிற்க, மற்ற இரண்டும் இடமும் வலமும் முப்பது டிகிரி சாய்ந்து போகும். வால்வை மேஜைமேல் வைத்து மூலையிலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது தெரிவதற்காகக் கால்வாசியை வெட்டி எடுத்தது போலவும் காட்டியிருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துச் செய்த வால்வு ஒன்றுகூட வீணாகவில்லை.

"ஆபீஸ்னா நாலு பேர் கை சேர்ந்துதான் வேலை நடக்கும். இதுல போய் என் பேர், உன் பேர்னு..."

"அப்போ என் பேரே இருக்கட்டுமே சார்."

ஜெகநாதன் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பக்கத்து மேஜை டோரிஸ் மெதுவாகச் சொன்னாள். "நக்கோ பியூலா, வேண்டாம். பெரியவங்களோட மோதினா வேலையே போயிடும்."

"போகட்டும். சொந்தப் பேர்ல பத்துப் படம் இருந்தாத்தான் டிராஃப்ட்ஸ்மன் வேலைக்கு மனு போட முடியும். இப்படி எடுத்துக்கிட்டே இருந்தா, காலம் பூரா நான் அடுத்தவங்க கோட்டு மேலேயே கோடு போட்டுக்கிட்டு இருக்கணுமா?"

அவளுக்கு ஆறவே இல்லை. பத்து நாள் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது யாருக்கு? நீள்வட்டம் சரியாக வராமல் ஏழு தாளைக் கிழித்துப் போட்டது யார்? பாடுபடுவது ஒருத்தர், பேர் வாங்குவது இன்னொருத்தரா? எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தால் எதையும் எடுத்துக்கொள்ளலாமா?

மத்தியானம் நேராக சூப்பிரண்டு துரையின் அறைக்குப் போய்விட்டாள்.

துரை ஜெகநாதனையும் வரச்சொன்னார். படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"வால்வுக்குள்ளே காற்று போகிற வழி எந்தப் பக்கம் திரும்புகிறது, மிஸ்டர் ஜெகநாதன்?"

ஜெகநாதன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "படத்தைப் பார்த்தா சொல்லிடுவேன் சார்."

துரை பியூலாவைப் பார்த்தார்.

"இடது பக்கம் திரும்பி, முக்கால் அங்குலம் போய், மேலே ஏறும் சார். ஏறுற இடத்துல சின்னதா ஒரு மேடு இருக்கு. பழைய மூணு படத்துலயும் அது கிடையாது."

"பெயரை மாற்றுங்கள்" என்றார் துரை.

ஜெகநாதன், பிரிண்ட் எடுப்பதற்கான மூல டிரேசிங் துணியிலிருந்து தன் பெயரை பிளேடால் சுரண்டி எடுத்தார். பேனாவை நீட்டினார். பியூலா நிதானமாக, கட்டம் நிறைகிற அளவுக்கு எழுதினாள். ஜே. பியூலா.

மறுநாள் புதுப் பிரிண்டைப் பியூனிடம் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தானே ஃபிட்டிங் ஷாப்புக்கு எடுத்துப் போனாள்.

ஃபிட்டர் அப்துல் ரஹீம் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே எதிரே வந்தார். வாணியம்பாடிக்காரர். இருபது வருஷமாக இங்கேதான் வேலை.

"நம்ம நக்ஷா, புதுப் படம் வந்துடுச்சா?"

பிரிண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஹவ், ஆமா, இதுலயும் அந்த மேடு கரெக்டா இருக்கு. உடைஞ்ச வால்வைக் கால்வாசி அறுத்துக் காட்டினேனே, அப்படியே இருக்கு. இந்த மூலையிலேருந்து பார்த்து வரைம்மான்னு சொன்னப்போ, அது எப்படி பாய் காகிதத்துல வரும்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

பியூலா தலையாட்டினாள்.

ரஹீம் பக்கத்தில் வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து அறுத்தேன். இத்தனை வருஷத்துல நம்ம வேலை காகிதத்துல ஏறுறது இதான் முதல் தடவை."

அவர் விரல் ஒவ்வொரு கோடாகத் தடவிக்கொண்டே போய், வலது கீழ் மூலையில் நின்றது. அளவு எண்களைத் தவிர இங்கிலீஷில் அவருக்கு வேறெதுவும் படிக்கத் தெரியாது.

"இந்தக் கட்டத்துல என்னமோ மாத்தி எழுதியிருக்கே, என்னம்மா அது?"

"வால்வோட பேரு, பாய்" என்றாள் பியூலா.