மந்திரி தின்ற ரொட்டி

கார்மேகத்தின் பேரில் நூற்று முப்பது திர்ஹம் பாக்கி. அதுவும் அவன் தின்னாத ரொட்டிக்கு. தின்றது யார் என்று கேட்டால், செத்து நாலாயிரம் வருஷமான ஒரு மந்திரியைத்தான் கை காட்ட வேண்டியிருந்தது.

“இன்னைக்கும் தட்டு காலி சார்.”

“எலியா இருக்கும்பா,” என்றார் சேதுமாதவன்.

“கல்லு மாதிரி காஞ்ச ரொட்டி. எலி கடிச்சா அதுக்குப் பல்லு போயிரும். அப்படியே தின்னாலும் ஒரு துணுக்கு சிந்தாமயா திங்கும்?”

அபுதாபியில் ஒரு மாலின் மாடியில், எகிப்து மந்திரி ஒருத்தரின் கல்லறையை அப்படியே பிளாஸ்டரில் எழுப்பிக் கண்காட்சி நடத்தினார்கள். சேதுமாதவன் அந்த செட்டைப் போட்ட கம்பெனியின் மேனேஜர். கார்மேகம் முசஃபா லேபர் கேம்பிலிருந்து வந்து கூட்டித் துடைக்கிறவன். ஷட்டர் சாவியும் அவனிடம்தான். தரை பாழாகும் என்று உள்ளே யாரும் ஷூ போடக் கூடாது.

முதல் சுவரில் மந்திரி சின்ன ஆளாகத் தானியம் அளந்துகொண்டிருப்பார். அடுத்ததில் கஜானாவுக்கு அதிகாரி. அதற்கடுத்ததில் ராஜாவுக்குப் பக்கத்தில் கோல் பிடித்து நிற்பார். கடைசிச் சுவரில் அவர் முகத்தையும் பேரையும் உளியால் கொத்திச் சிதைத்திருப்பார்கள்.

“புது ராஜா வந்தான். வேலையை விட்டுத் தூக்கினதோட விடல, பேரையும் சொரண்டிட்டான்,” என்று சேதுமாதவன்தான் சொன்னார். அந்தச் சுவருக்கு முன்னால் அவர் ரொம்ப நேரம் நிற்பார்.

அங்கே ஒரு பொய்க் கதவு. செத்தவர் அது வழியாக வந்து படையலைச் சாப்பிட்டுப் போவாராம். உண்மையில் அதற்குப் பின்னால் இருந்தது கரண்டு ஒயரும், ஷட்டர் பக்கம் வரை போகிற, ஒரு ஆள் நுழைகிற சந்தும்தான். முன்னால் வைத்த வாத்தும் வெங்காயமும் பிளாஸ்டர். ரொட்டி மட்டும் நிஜம். ஓட்டலில் சொல்லிச் சுட்டு, வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுவது.

கண்காட்சி நடத்துகிற எகிப்துக்காரர், மிஸ்ரி ஹானிக்குப் பொறுமை போய்விட்டது. “சாவி உன்கிட்ட. அப்ப வேற யாரு வருவா? இன்னொரு தடவை காணாம போகட்டும், ஊருக்கு டிக்கெட் கையில. கலாஸ், முடிஞ்சுது.”

ஊரில் மகள் ஜோதிமணி நர்சிங் படிக்கிறாள். இவன் விசா போனால் அவள் படிப்பும் போச்சு. கார்மேகத்துக்கு இரண்டு வேளையாகச் சோறு இறங்கவில்லை.

“உங்க பொண்ணு எப்ப சார் ஊர்லேருந்து வருது?” பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டான்.

“சுஷ்மிதாவா? லீவுக்குத்தானே போயிருக்கா. வருவா.”

“பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்களே சார்.”

சேதுமாதவன் டையைச் சரிசெய்துகொண்டு, லைட்டைப் பார்க்கப் போய்விட்டார். அது 2009. பணம் முடங்கிப் பாதி ஆபீஸ் பூட்டிக் கிடந்த வருஷம். அவரவர்க்கு ஆயிரம் கவலை.

அன்றைக்குக் கடை அடைக்கிற நேரம் கார்மேகம் ஒரு வேலை செய்தான். அவன் ஊர்ப் பக்கத்தில், போனவர் வந்து போனாரா என்று பார்க்கச் செத்த வீட்டில் மாவு பரப்பி வைப்பார்கள். அதே மாதிரி, பொய்க் கதவுக்கு முன்னால் ஜிப்சம் மாவை மெலிசாகச் சலித்துவிட்டான். வெள்ளைத் தரையில் வெள்ளை மாவு. குனிந்து பார்த்தால்தான் தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கினான். தட்டு காலி.

மாவில் தடம் இருந்தது. பொய்க் கதவிலிருந்து தட்டு வரைக்கும் வந்து, திரும்பிக் கதவுக்கே போயிருந்தது. ஒரு தடத்திலும் விரல் இல்லை. மொழுமொழுவென்று, துணியின் நெசவு மட்டும் பதிந்திருந்தது.

துணி சுற்றிய கால்.

பக்கத்தில் இருந்த மம்மிப் பெட்டிக்குள் உச்சி முதல் பாதம் வரை துணி சுற்றிப் படுத்திருந்தார் மந்திரி. கார்மேகம் தன்னை அறியாமல் கும்பிட்டான். “ஐயா, பெரிய பதவியில இருந்தவரு நீங்க. என் வயித்துல அடிக்காதீங்க.”

“யாரைப்பா கும்பிடுற?”

சேதுமாதவன் பின்னால் நின்றார். தலை சீவி, டை கட்டி, ஷூவைக் கையில் பிடித்தபடி. ஷட்டரைத் தூக்கித் திரும்புவதற்குள் எப்போதும் வந்து நின்றுவிடுவார்.

கார்மேகம் தடத்தைக் காட்டினான். அவர் பார்த்தார். இந்தத் தடவை எலி என்று சொல்லவில்லை.

கார்மேகம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்தான். குனிந்தவன் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

எஸ்கலேட்டரில் ஹானியின் குரல் கேட்டது. திருட்டு தன்மேல் இல்லை என்பதற்கு சாட்சி தரையில் கிடக்கிறது. சும்மா ஒதுங்கி நின்றால் போதும்.

ஈர மாப்பை எடுத்துத் தரையை அழுத்தித் துடைத்தான். ஒரு தடம் மிச்சமில்லை.

“ரொட்டி எங்கே?” என்றார் ஹானி.

“நான்தான் தின்னேன். பசி.”

ஹானி அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஜோதிமணியின் முகம் கார்மேகத்தின் கண்ணுக்குள் வந்து நின்றது.

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? உண்மையை ஒத்துக்கிட்ட, அதனால டிக்கெட் இல்ல. நூத்தி முப்பதையும் சம்பளத்துல பிடிச்சுக்கிறேன். கணக்கு கலாஸ். இனிமே ரொட்டியும் பிளாஸ்டர்தான்.”

ஹானி போய்விட்டார். சேதுமாதவன், மந்திரியின் முகத்தைச் சிதைத்த சுவரைப் பார்த்தபடி நின்றார். திரும்பவில்லை.

கார்மேகம் தன் சோற்று டப்பாவை எடுத்துவந்து, ரொட்டித் தட்டு இருந்த இடத்தில் வைத்தான்.

“சாப்பிடுங்க சார். அதுக்கு முன்னாடி, சாக்ஸ்ல இருக்கிற மாவைத் தட்டிருங்க.”